மிளகாய்ப்பழச் சிவப்பில் ஒரு ஜெர்சி

எட்டாயிரம். ஆமாம், எட்டாயிரம்தான். மேலே கொஞ்சம் சில்லறையும் உண்டு, அதையும் சொன்னால் நீ இன்னும் பயந்துவிடுவாய். விலையைக் கேட்டுவிட்டு இப்படி வாயைப் பிளந்தால் எப்படி? மூடிக்கொள், கண்ணு. மழைக்கு ஒதுங்கின ஈயெல்லாம் இந்த பேக்கரிக்குள்தான் சுற்றுகிறது.

உட்கார். அந்த ஸ்டூல் ஆடும், இதில் உட்கார். மாதம்பட்டியில் ஆடிச் சாரல் பிடித்தால் நாம் நினைத்த நேரத்துக்கு விடாது. சைக்கிள் நனைந்தால் நனையட்டும். உன் டி-ஷர்ட்தான் பாவம். பருத்தி இல்லையா? பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும். அதைச் சுமந்துகொண்டுதான் நீ சாடிவயல் வரைக்கும் போகப் பார்த்தாய். புது சைக்கிள், புது ஹெல்மெட், சட்டை மட்டும் கல்லூரி விழாவில் சும்மா கொடுத்தது. எனக்குத் தெரியும், எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

"தம்பி, ரெண்டு டீ. ஒண்ணுல சக்கரை வேண்டாம்."

அவ்வளவு விலை கொடுத்து ஒரு சைக்கிள் ஜெர்சி வாங்கலாமா என்று கேட்டாய். நேராகப் பதில் சொல்கிறேன். வாங்கலாம். வாங்கு. நன்றாக இருக்கிறதா என்று யார் கேட்டாலும் நன்றாக இருக்கிறது என்று சொல். நான் முப்பது வருஷம் பெண்கள் கல்லூரியில் பொருளாதாரம் எடுத்தவள். விலை வேறு, மதிப்பு வேறு என்று கரும்பலகையில் எழுதி எழுதியே சாக்பீஸ் தூளில் எனக்கு இருமல் வந்தது. எனக்குத் தெரியாத கணக்கா?

ஆனால் ஊரில் வேறு மாதிரி கேள்விப்படுவாய். திருப்பூரில் மயில்சாமி என்று ஒருவன், பனியன் கம்பெனி வைத்திருக்கிறான், என் வீட்டுக்காரருடைய தம்பி. போகிற கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். "எங்க அண்ணி எட்டாயிரத்துக்கு ஒரு பனியன் வாங்கிப்போட்டு, எங்கிட்ட பந்தயத்துல தோத்துட்டாங்க" என்று. நான் தோற்கவில்லை. எப்படித் தோற்கவில்லை என்பதை என் வீட்டில் ஒரு ஆளிடம் சொல்ல வழியில்லை. நீ யாரோ. மழை விட்டால் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உன்னிடம் சொல்லலாம்.

முதலில் ஏன் வாங்கினேன் என்று சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருந்தார். நல்ல மனிதர். நல்லதை எல்லாம் எடுத்து வைப்பவர். நல்ல பேனா, நல்ல செருப்பு, நல்ல சட்டை, எல்லாம் பிறகு. அவர் போனபிறகு பீரோவைத் திறந்தால் ஒரு தட்டு முழுக்கப் புதுச் சட்டைகள். காலரில் அட்டை, தோளில் குண்டூசி, எதுவும் எடுக்கவில்லை. குண்டூசி குத்தினபடியே எல்லாவற்றையும் ஆசிரமத்துக்குக் கொடுத்தோம். அங்கே வாங்கிக்கொண்ட பையன், "பழசு இருந்தாத்தான் குடுங்கம்மா, புதுசு வேண்டாம்" என்கிறான். இதுவே பழசுதான் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது?

சரி, அதை விடு. அழுகிற கதை இல்லை இது.

முட்டி வலிக்கு டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். வீட்டுக்குள் நிற்கிற சைக்கிளைத்தான் சொன்னார். நான் ரோட்டில் ஓடுகிறதை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிற பெண்கள் குழு ஒன்றில் சேர்ந்தேன். எல்லாம் உன் வயசுப் பிள்ளைகள். முதல் நாலைந்து வாரம் சுடிதார் டாப்பில்தான் ஓட்டினேன். காற்று உள்ளே புகுந்து பலூன் மாதிரி ஊதும். பேரூர் தாண்டினால் பாலக்காட்டுக் காற்று எப்படி அடிக்கும் என்று இன்றைக்கு நீயே பார்த்திருப்பாய்.

ஒருநாள் கடைக்குப் போனேன். அந்தப் பெண் எடுத்துப் போட்டாள். மிளகாய்ப்பழச் சிவப்பு. போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு வந்ததெல்லாம் சாம்பல், இளநீலம், சந்தனக் கலர்தான். யாரும் கட்டாதே என்று சொல்லவில்லை. அதையே எடுத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கண்ணாடியில் இருந்த சிவப்புக்காரியை எனக்கு முன்பின் தெரியாது. பிடித்திருந்தது. விலையைக் கேட்டேன், கார்டை நீட்டினேன். போட்ட சட்டையைக் கழற்றாமல் பில் போடச் சொன்னேன். என் பீரோவில் குண்டூசி கிடையாது.

மயில்சாமிக்கு இது எப்படிப் போயிற்று என்று கேட்கிறாயா? குடும்ப வாட்சப் குழுவில் என் பையன் நவநீதன் என் படத்தைப் போட்டான். அடுத்த நிமிஷம் போன்.

"என்னுங் அண்ணி, சட்ட எவ்வளவுங்?"

சொன்னேன்.

"எட்டாயிரமா! எங்க கம்பெனில இருந்து நானூறு ரூவாய்க்குக் கப்பல் ஏறுதுங் அண்ணி. அதே துணி, அதே மெசினு, அதே நூலு. வெள்ளக்காரன் ஒரு லேபிள வெச்சுத் தைக்கறான். நீங்க லேபிளுக்குக் காசு குடுத்துட்டு வந்திருக்கறீங்."

"அதே துணியா இல்லையான்னு நீ போட்டு ஓட்டிப் பாத்தியா மயிலு?"

"நான் எதுக்கு ஓட்டோணும்? தொட்டாத் தெரியும். அண்ணன் இருந்திருந்தா இந்தக் கூத்தெல்லாம் நடக்குமா?"

"உங்கண்ணன் இருந்திருந்தா அவருக்கும் ஒண்ணு எடுத்திருப்பேன்."

போனை வைத்துவிட்டான். அன்றைக்கு ஆரம்பித்தது. பொங்கலுக்கு வந்தால் அதே பேச்சு, மொட்டைக்குப் போனால் அதே பேச்சு. நானும் விடவில்லை. ஏன் விட வேண்டும்? எனக்குத்தான் தெரியும். கையிடுக்குத் தையலைப் பார், தட்டையாக இருக்கும், தோலில் உரசாது. கீழ் விளிம்பில் உள்பக்கமாக மெல்லிசாக ஒரு ரப்பர் பட்டை, குனிந்து மிதித்தாலும் சட்டை மேலே ஏறாது. முதுகில் மூன்று பை. வாழைப்பழம், போன், மழைக்கோட்டு, எல்லாம் வைத்தாலும் தொங்காது. வேர்வை வருவது தெரியும், இருப்பது தெரியாது. அரை மணி நேரம் ஓட்டினால் வித்தியாசம் இல்லை. அதற்கு எந்தப் பனியனும் போதும். ஆலாந்துறை தாண்டி மேடு ஏறும்போதுதான் எட்டாயிரம் எங்கே போயிற்று என்று தெரியும். 

நீ என் சட்டையைப் பார்க்கிறாய். பார்க்காதே. சொல்கிறேன், இரு.

என் மருமகள் பெயர் ஜீவிதா. நவநீதன் சித்தப்பா கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொடுக்கப் போனான். அங்கே துணி சரிபார்க்கிற பிரிவில் இவள். இவளுடைய அம்மா ராசாத்தி அதே கம்பெனியில் டெய்லர், இப்போதும் அங்கேதான் தைக்கிறாள். இவன் கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். மயில்சாமி குதித்தான். "எங்கிட்ட மெசின் மிதிக்கறவ மவளக் கொண்டாந்து நடுவூட்ல உக்கார வெக்கறதா?" என்றான். எனக்கும் பிடிக்கவில்லைதான். அவன் அப்படிச் சொன்ன பிறகு பிடித்துப்போயிற்று. நானே முன்னால் நின்று முடித்து வைத்தேன்.

வந்த நாளில் ஒன்றுதான் சொன்னேன். இந்த வீட்டில் கசங்கின துணியோடு யாரும் வாசல் தாண்டக் கூடாது. துவைத்தால் கஞ்சி, கஞ்சி போட்டால் இஸ்திரி. நான் கல்லூரிக்குப் போன முப்பது வருஷமும் என் சேலை மடிப்பு கலைந்து யாரும் பார்த்ததில்லை. அது அவளுக்குச் சொன்னது. பிறகு ஜெர்சி வாங்கினதும் இன்னொன்று சொன்னேன். இதை நான்தான் துவைப்பேன், வேறு யாரும் கை வைக்கக் கூடாது. கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். எட்டாயிரம் இல்லையா? இரண்டுக்கும் நடுவில் என்ன குழப்பம்? ஒரு பெண்ணுக்கு இதுகூடப் புரியாதா? என்னைக் கண்டு பயப்பட நான் என்ன புலியா?

பங்குனியில் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். ஜெர்சியைக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் வந்தேன். கொடியில் இல்லை. அலமாரியில் இல்லை.

"ஜிப் மாட்டிக்கிச்சுங் அத்தை. அம்மாகிட்டக் குடுத்துவிட்டிருக்கேன். சரி பண்ணித் தருவாங்க."

"யாரைக் கேட்டு?"

"உங்களுக்கு ஞாயித்துக்கெழம வேணுமேன்னு..."

மேலே நான் கேட்கவில்லை. அந்த ஞாயிறு சுடிதார் டாப்பில் பலூனாகப் போனேன். அடுத்த வாரம் ராசாத்தி தானே வந்து கொடுத்தாள். முறுக்கு ஒரு டப்பா, பழம், அதோடு ஒரு மஞ்சப்பையில் ஜெர்சி. "ஜிப்பு மாத்திட்டேனுங்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. டீகூடக் குடிக்காமல் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொண்டு கிளம்பினேன். பேரூர் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. காளம்பாளையத்தில் சட்டை இடுப்புக்கு ஏறிவிட்டது. இழுத்துவிட்டேன். மறுபடியும் ஏறியது. வண்டியை ஓரம்கட்டி விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். ரப்பர் பட்டை இல்லை. பாவாடை எலாஸ்டிக். மேட்டில் ஏறும்போது கையிடுக்கில் தையல் அறுக்க ஆரம்பித்தது. மேடு தட்டின ஓவர்லாக் தையல். முதுகில் வாழைப்பழம் மாட்டுக்கு மணி கட்டின மாதிரி ஆடுகிறது. கலரும் அதே கலர் இல்லை. அசலைவிட ஒரு நூல் மஞ்சள் தூக்கலான சிவப்பு. காலரில் லேபிள் மட்டும் அசல். பிரித்து எடுத்து வைத்துத் தைத்திருக்கிறாள். அந்தக் கையைச் சொல்ல வேண்டும், கம்பெனிக்காரன் தைத்ததைவிடச் சுத்தமாகத் தைத்திருந்தாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறாய்? திரும்புகிற வழி முழுக்க மிதிக்கு ஒரு வார்த்தையாகச் சேர்த்துக்கொண்டு வந்தேன். என்னையா ஏமாற்றப் பார்த்தீர்கள் என்று ஆரம்பிக்கலாமா, என் சட்டை எங்கே என்று ஆரம்பிக்கலாமா? வீட்டு வாசலுக்கு வரும்போது எல்லாம் தயாராக இருந்தது.

உள்ளே போனேன். நாளைக்குக் கட்ட வேண்டிய சேலை மேஜையில் கிடந்தது. பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி. கை பரபரவென்று இருந்தது, என்னமோ பெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். அடித்தகட்டைப் பார்த்தால் கத்தியால் சுரண்டின கோடு. ஆவி வருகிற ஓட்டைகளில் சிவப்புச் சிவப்பாக உருகிக் காய்ந்த துணுக்கு. மிளகாய்ப்பழச் சிவப்பு. கிட்டத்தில் மோந்தால் கஞ்சி வாசனை.

கஞ்சி போட்டிருக்கிறாள், கண்ணு. சைக்கிள் ஜெர்சிக்குக் கஞ்சி போட்டிருக்கிறாள்! போட்டு, சேலைக்கு வைக்கிற சூட்டில் இஸ்திரியும் போட்டிருக்கிறாள். அந்தத் துணி தாங்குமா? துணி பார்க்கிற வேலையில் இருந்தவளுக்கே பதற்றத்தில் அது மறந்திருக்கிறது. நெய் மாதிரி உருகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் கசங்கின சட்டையோடு வாசல் தாண்டக் கூடாதே என்று போட்டிருக்கிறாள். நான் சொன்ன விதியை நான் சொன்னபடியே செய்தவளை நான் எந்த வாயால் கேட்பது?

நிமிர்ந்து பார்த்தால் சமையலறை வாசலில் நிற்கிறாள். கையில் கரண்டி. என் கையில் இஸ்திரிப் பெட்டி, என் உடம்பில் அவள் அம்மா தைத்த சட்டை.

"சரியா இருக்குங்களா அத்தை?" என்றாள்.

"ஜிப் நல்லா ஓடுது" என்றேன்.

அவ்வளவுதான். போய்க் குளித்தேன். கையிடுக்கில் தண்ணீர் பட்டதும் உயிர் போயிற்று.

இரக்கம் என்று நினைக்காதே. நான் இரக்கப்படுகிறவள் இல்லை, என் மாணவிகளைக் கேட்டுப் பார். எனக்கு அந்தச் சண்டையில் நியாயம் போதவில்லை, அதனால் போடவில்லை. அந்தச் சிவப்புத் துணி ராசாத்திக்கு எப்படிக் கிடைத்தது என்பது இன்னொரு விஷயம். கம்பெனி மூலையில் கிடந்த மிச்சத் துணியாக இருக்கலாம், காசு கொடுத்து வாங்கியிருக்கலாம். எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். ஆனால் மயில்சாமி கேட்பான். எப்படிக் கேட்பான் என்றும் எனக்குத் தெரியும். "துணி திருடி" என்று கேட்பான். பத்துப் பேர் முன்னால் கேட்பான். அதற்கப்புறம் ராசாத்தி எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பாள்? ஜீவிதா எங்கள் சொந்தத்தில் எந்தப் பந்தியில் போய் உட்காருவாள்?

அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஜெர்சி நல்ல ஜெர்சி என்ற பேச்சை மட்டும் விடவில்லை. அதை ஏன் விட வேண்டும்? அசல் நல்லதுதானே.

வைகாசியில் வீட்டுக்காரருக்குத் திதி வந்தது. சொந்தமெல்லாம் வீட்டில். வருஷாவருஷம் அன்றைக்கு மயில்சாமி எனக்கு ஒரு சேலை எடுத்து வருவான். அண்ணன் பெண்டாட்டிக்குச் செய்கிற மரியாதை. வெளிர்க் கலர்தான், வேறென்ன. இந்த வருஷமும் பையோடுதான் வந்தான். சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது பையைப் பிரித்தான்.

"அண்ணிக்கு இந்த வருசம் சேலை வேண்டாமாமா. சட்டதான் புடிக்குதாமா. அதுனால சட்டையே எடுத்தாந்திருக்கேன்."

உதறிப் போட்டான். சிவப்பு ஜெர்சி. மூன்று பை, ஜிப், எல்லாம்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் துணியைப் பார்த்தேன். ஒரு நூல் மஞ்சள் தூக்கலான சிவப்பு. அதே துணி. என் அலமாரியில் இருக்கிறதும் இதுவும் ஒரே துணி உருளையில் அறுத்தது. 

"நம்ம கம்பெனில தச்சது. நானூறு ரூவா" என்றான். "இப்ப என்ன பண்றோம்னா, அண்ணியோட எட்டாயிரத்தக் கொண்டாந்து இதுக்குப் பக்கத்துல வெக்கறோம். அண்ணி கண்ணக் கட்டிக்கோணும். தொட்டு எது எட்டாயிரம்னு சொல்லோணும். சொல்லிட்டாங்கன்னா நானும் ஒரு சைக்கிள் வாங்கிப்போட்டு அவங்க பின்னாலயே வர்றேன். ஏம்மா ஜீவிதா, அத்தையோட சட்டைய எடுத்துட்டு வா."

அவள் நகரவில்லை. கையில் பாயசச் சட்டி. சமையலறை வாசலில் ராசாத்தி. முதலாளி கூடத்தில் இருக்கிறார் என்று காலையிலிருந்து அவள் உட்காரவே இல்லை. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

மயில்சாமி என் சட்டையைத் தொட்டால் போதும். அவனுக்குக் கண்ணைக் கட்ட வேண்டாம், திறந்திருக்கவும் வேண்டாம். அவன் உருளை, அவன் டெய்லர், அவன் கம்பெனித் தையல். விரல் பட்ட நிமிஷம் சொல்லிவிடுவான்.

"அவ எதுக்கு? நானே எடுத்துட்டு வர்றேன்" என்று எழுந்தேன்.

அறைக்குள் போனேன். அலமாரியைத் திறந்தேன். எரித்துவிடலாமா, ஜன்னல் வழியாக வீசிவிடலாமா என்றெல்லாம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான். பிறகு போட்டுக்கொண்டேன். ஆமாம். பட்டுச்சேலைக்கு மேலே. முந்தானையைச் சுருட்டி உள்ளே திணித்து, ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

ஒருத்தர் வாயிலும் வெற்றிலை அசையவில்லை. சுவரில் வீட்டுக்காரர் மாலையோடு இருக்கிறார், கீழே விளக்கு எரிகிறது, நான் மிளகாய்ப்பழமாக நிற்கிறேன். என் பெரிய நாத்தனார், "அட ஈசுவரா, இன்னைக்குப் போயா?" என்றாள்.

"இன்னைக்குத்தான்" என்றேன்.

"அண்ணி, கழட்டி வையுங். தொட்டுப் பாக்கோணும்ல" என்று மயில்சாமி எழுந்து வந்தான்.

"தொடு" என்றேன். "அண்ணன் பெண்டாட்டி உடம்புல இருக்கற துணி. உங்கண்ணன் படத்துக்கு முன்னாடி நிக்கறேன். தொட்டுப் பாத்துச் சொல்லு மயிலு."

கையைச் சுடுதண்ணீரில் விட்ட மாதிரி இழுத்துக்கொண்டான். நாலடி பின்னால் போய்விட்டான். முப்பத்தைந்து வருஷமாக எனக்கு நேராகக் காலை நீட்டி உட்காராதவன் அவன். அதெல்லாம் அவனிடம் சரியாக இருக்கும்.

"நான் என்னுங் சொன்னேன், கழட்டி வெச்சாத்தானுங்..."

"கட்டின துணியக் கழட்டச் சொல்றியா?"

"அய்யோ, அப்படியில்லீங்!"

அப்போதும் எனக்குப் பயம். அவன் கையில் இருக்கிறதும் என் மேல் இருக்கிறதும் ஒரே கலர் என்று யாராவது கண்ணால் பார்த்துவிட்டால்? ஜீவிதா சட்டியை வைத்த வேகத்தில் பாயசம் மேஜை மேல் சிந்தியிருந்தது. அவன் கையிலிருந்ததை வெடுக்கென்று வாங்கினேன். வாங்கி, பாயசத்தை அதாலேயே துடைத்தேன். இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. சேமியாவும் முந்திரியும் அதில் ஒட்டிக்கொண்டன. பாயசம் மேஜையிலேயே இருந்தது.

"பாத்தீங்களா?" என்று எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன். "பாயசத்தையே உறிஞ்சல. இதா வேர்வைய உறிஞ்சப் போகுது? இதுதான் நானூறு ரூபாய்ச் சரக்கு."

அசலும் உறிஞ்சியிருக்காது, கண்ணு. அந்த வகைத் துணி எதுவும் உறிஞ்சாது, அதுதான் அதன் சிறப்பே. பொருளாதாரம் படித்தவளுக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை.

மயில்சாமி சிரித்தான். வியாபாரி இல்லையா, உடனே கண்டுபிடித்துவிட்டான். "கண்ணக் கட்ட பயந்துட்டீங் அண்ணி. தொட்டாத் தெரியாதுன்னு உங்களுக்கே தெரியும். தோத்துட்டீங்."

கூடமே சிரித்தது. என் நாத்தனார் சிரித்தாள். என் பையன், நான் பெற்ற நவநீதன், தொடையைத் தட்டிச் சிரித்தான். "ஒத்துக்கங்கம்மா, எட்டாயிரம் போச்சு" என்றான்.

நான் தொட்டுச் சொல்லியிருப்பேன். அசல் ஒன்று இருந்திருந்தால் கண்ணை என்ன, கையைக் கட்டிப் போட்டிருந்தாலும் கன்னத்தால் தொட்டுச் சொல்லியிருப்பேன். அந்தக் கூடத்தில் இரண்டையும் போட்டு மேடு ஏறினவள் நான் ஒருத்திதான். பதில் தெரிந்தவளும் நான் ஒருத்திதான். அதற்கு என் கையிடுக்கில் சாட்சி இருக்கிறது, தழும்பு. காட்ட முடியுமா?

"வெச்சுக்கோ. நீயே ஜெயிச்சதா வெச்சுக்கோ மயிலு" என்றேன். அன்றிலிருந்து வைத்துக்கொண்டிருக்கிறான்.

எல்லோரும் போன பிறகு அறையில் அதைக் கழற்றப் போனால் ஜிப்பில் முந்தானை சிக்கிக்கொண்டது. ஜீவிதா வந்தாள். குனிந்து ஒவ்வொரு நூலாக எடுத்துவிட்டாள். என் கழுத்துக்குக் கீழே அவள் உச்சி. வகிடு கோணலாக இருந்தது.

"வேர்த்து ஊத்துதுங் அத்தை உங்களுக்கு" என்றாள்.

"இந்தத் துணியில வேர்க்காது" என்றேன்.

"சரிங் அத்தை" என்றாள். ஜிப் விட்டுவிட்டது. அவள் போகவில்லை. சட்டையை மடித்தாள், மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள். இஸ்திரி போடவில்லை. அதுவரைக்கும் கற்றுக்கொண்டிருக்கிறாள், பரவாயில்லை.

நீ கேட்கப்போவது தெரியும். பென்ஷன் வருகிறது, இன்னொரு அசலை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று. வாங்கினால் பழையது என்னவாயிற்று என்று வீட்டில் கேட்பார்கள். ஜீவிதா முகம் மறுபடி அன்றைக்கு மாதிரி ஆகும். அதெல்லாம் அவளுக்குத் தெரிய வேண்டாம். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாள், பாவம். அவளுக்குச் சூதுவாது கிடையாது. வெள்ளை மனசு. எதையும் கவனிக்கிற ஆளும் இல்லை.

எவ்வளவு அப்பாவி என்றால், கேளு. திதிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் கிளம்புகிற நேரத்துக்கு மேஜையில் தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைக்கிறாள். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய். லேசாகச் சூடு காட்டி. ஒரு வாரம் தவறவில்லை. இன்றைக்கும் இருந்தது. சைக்கிள் செயினுக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் போல. செயினுக்குத் தேங்காய் எண்ணெயா விடுவார்கள்? சொன்னால் மனசு கஷ்டப்படுமே என்று நான் ஒன்றும் சொல்வதில்லை. வீணாக்குவானேன் என்று எடுத்துக் கையிடுக்கில் தடவிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

நன்றாகத்தான் இருக்கிறது. முன்னைப் போல அறுப்பதில்லை.

அதோ, மேற்கே வெளுத்துவிட்டது. மலை தெரிகிறது பார். டீக்குக் காசு நான் கொடுத்துவிட்டேன், பையை எடுக்காதே. நான் சாடிவயல் வரைக்கும் போகிறேன். நீ இந்தச் சட்டையோடு வராதே, சளி பிடிக்கும், வீட்டுக்குத் திரும்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வாங்கிவிடு. நல்லதாக வாங்கு. வாங்கினால் போடு, பீரோவில் வைக்காதே. கஞ்சி போடாதே.

இன்னொன்று. வழியில் எங்கள் குழுப் பெண்கள் வருவார்கள். அந்தம்மா ஜெர்சி எவ்வளவு என்று உன்னையே கேட்டாலும் கேட்பார்கள். எட்டாயிரம் என்று சொல். தொட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு ரூபாய்க்கும் தகும் என்று சொல்.

தொட்டுப் பார்க்கிறாயா? நீ தொடலாம். இங்கே, தோளில். எப்படி இருக்கிறது?

அவ்வளவுதான். அதையே சொல்.